ஒய் அழுத்தாத காலை

காரைக்குடிப் பக்கம் சிறிய மருத்துவமனைகளின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டெங்கு பரவியிருந்த ஒரு மழைக்காலத்தில், காலையிலேயே லேப் டெக்னீஷியன் மெய்யம்மை போன் செய்தார்.

"மேடம், ரத்தம் பாக்குற மெஷின் ஓடுது, ரிசல்ட்டுதான் கம்ப்யூட்டருக்கு வரமாட்டேங்குது. எப்ப வாரீக?"

போய்ப் பார்த்தேன். சர்வர் தானாக அப்டேட் ஆகத் தொடங்கிப் பாதியில் நின்றிருந்தது. ரிப்போர்ட் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு பல சாஃப்ட்வேர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் லைப்ரரி ஒன்றின் புதிய பதிப்பைக் கேட்டது. மெஷினோடு பேசும் டிரைவர் புரோகிராமுக்கு அதே லைப்ரரியின் பழைய பதிப்பு வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. பழுது நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். சம்மதமென்றால் ஒய் (Y) எழுத்தை அழுத்து என்று திரை கேட்டு நின்றது.

மருத்துவமனை மேனேஜர் போனில் அவசரப்படுத்தினார். "அதான் கேக்குதுல்ல, ஒய் அடிச்சு விடுங்க. கூட்டம் நிக்குது."

திரையை மேலே தள்ளிப் படித்தேன். நீக்கப்படுபவை என்ற இடத்தில் அந்த டிரைவரின் பெயர் இருந்தது. அதைத் தயாரித்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள்; போனால் திரும்ப வாங்க முடியாது.

"சார், ஒய் அடிச்சா எரர் போயிரும். மெஷினும் ஊமையாயிரும்."

"சரி, பாத்துச் செய்யுங்க" என்றார்.

சிங்கம்புணரியிலிருந்து வந்த ஒரு பெண் கவுன்டரருகே நின்றிருந்தார். கணவருக்கு டெங்கு. பிளேட்லெட் இன்னும் இறங்கினால் மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இது சரியானாத்தான் தெரியுமாங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினின் சொந்தத் திரையில் அவர் கணவரின் எண்ணிக்கை தெரிகிறதா என்று மெய்யம்மையிடம் கேட்டேன்.

"தெரியுதே!"

அதைத் தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டு ஓடினார். எண்ணிக்கை ஏறியிருந்தது. அந்தப் பெண் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு என்னால் நிதானமாக வேலை பார்க்க முடிந்தது. பழைய பதிப்புகள், முன்பு இறக்கியவற்றைச் சர்வர் சேமித்து வைக்கும் கேஷிலேயே கிடந்தன. அவற்றைத் திரும்பப் போட்டு, அடுத்த அப்டேட் தொடாதபடி ஹோல்டில் வைத்தேன். ரிசல்ட்கள் வரத் தொடங்கின.

என்ன கோளாறு என்று அந்தப் பெண் விசாரித்தார். புதுசும் பழசும் ஒரே இடத்தில் ஒத்துப்போகவில்லை என்றேன்.

"அப்ப யாரை வெளிய அனுப்புனீக?"

"யாரையும் இல்லம்மா. புதுசைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லியிருக்கேன்."

ஹோல்ட் அவகாசம் மட்டுமே தரும். பிறகு டிரைவரைத் தனியாக ஒரு சிறிய கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் சர்வரை அப்கிரேட் செய்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன்: எரரை எல்லோரும் படிக்கிறார்கள். எதெல்லாம் நீங்கப்போகிறது என்பதையும் படியுங்கள். அது யாருக்குத் தேவைப்படுகிறது என்று திரையில் வராது; எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும்.