பன்றிக்குப் பூசிய கந்தகம்

விடுதியிலிருந்து சொறியோடு வந்திருக்கும் மகளின் முதுகில் களிம்பைத் தடவினேன். கந்தக நெடி மூக்கில் ஏறியது.

நான் சிறுமியாக இருந்தபோது வெண்ணந்தூரில் எங்கள் சினைப்பன்றி பகலெல்லாம் சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்தச் சரசரப்பில் எங்களுக்குச் சோறு இறங்காது. அதன் காதோரத் தோல் தடித்து வெடித்திருந்தது.

"பொறக்கற குட்டிக்கும் ஒட்டிக்கும். கறிக்கடைக்குக் குடுத்துரலாம்," என்றார் அப்பா.

"குட்டி போடறதுக்குள்ள நான் சொறியப் போக்கிப்போடறனுங்க," என்றாள் அம்மா.

பழைய வைக்கோலை எரித்தாள். கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். வேப்பெண்ணெயில் கந்தகத்தைக் குழைத்து, திமிறும் பன்றியை அணைத்துப் பிடித்துப் பூசினாள். தப்பிய சொறிப்பூச்சி முட்டைகள் பொரிந்துவிடும் என்று அடுத்த வாரமும் பூசினாள்.

குட்டிகள் வழவழப்பான தோலோடு பிறந்தன. ஆனால் அம்மாவின் கைகளில் சிவந்த தடிப்புகள். முந்தானைக்குள் மறைத்துச் சொறிந்துகொண்டிருந்தவளை அப்பா பார்த்துவிட்டார்.

"ஏம்புள்ள சொல்லல?"

"சொன்னாப் பன்னிய வித்துப்போடுவீங்கன்னுதானுங்க."

அப்பா மிச்சமிருந்த எண்ணெயை எடுத்துவந்து அவள் கைகளில் தானே பூசினார்.

மகள் தோளைக் குலுக்கினாள். "அரிக்குதும்மா, சீக்கிரம்."

"இரு சாமி," என்று அவள் கையை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.