ஏழின் மேல் ஒரு சின்ன இரண்டு

மூளை புதியதைத் தனியாக வைத்துக்கொள்ளாது, ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு கோத்துத்தான் வைத்துக்கொள்ளும் என்று ராணிப்பேட்டையில் நடந்த இரண்டு நாள் ஆசிரியர் பயிற்சியில் சொன்னார்கள். அதை அப்படியே குறித்துக்கொண்டு வந்தேன். ஆம்பூரில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பத்திரண்டு பேரிடமும் சொன்னேன்: "கணக்கப் பாத்ததும், இத வீட்ல எங்க பாத்தோம்னு முதல்ல யோசிங்க."

காலாண்டுத் தேர்வில் 7² என்பதன் மதிப்பைக் கேட்டிருந்தார்கள். ஒரு மாணவி 7½ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். கூட்டினால் 34. தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவள் என் மேசைக்கு வந்தாள்.

"எங்கப்பா தோல் பின்னாடி இப்டிதான் போடுவாரு டீச்சர். ஏழரை."

அவள் அப்பா தோல் தொழிற்சாலையில் அளவு மெஷினில் நிற்பவர். அங்கே தோலின் பரப்பைச் சதுர அடியில் எழுதி, மிச்சமுள்ள கால் பங்குகளை எண்ணின் தலைமேல் சின்னதாகப் போடுவார்களாம். ஏழின் மேல் இரண்டு என்றால் ஏழும் இரண்டு காலும். இருபது வருடமாக இந்த ஊரில் கணக்கு நடத்துகிறேன். எனக்கு இது தெரியாது.

"ஏழரைய அவளே கூப்டுக்கினா டீச்சர்" என்றாள் பின் பெஞ்சில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. இவள் சிரிக்கவில்லை.

"நீங்கதானே டீச்சர் வீட்ட நெனைக்கச் சொன்னீங்க?"

35க்குக் கீழே என்றால் மெல்லக் கற்போர் பட்டியல், மாலை ஆறு மணி வரை தனி வகுப்பு. பட்டியலில் உள்ளவர்கள் விளையாட்டு அணியில் இருக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளியின் விதி. அவளை எறிபந்து அணியில் எடுத்ததே அந்த வாரம்தான்.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன்.

"கீ-ல நாப்பத்தொம்பதுன்னு இருக்கா இல்லியா?"

"இருக்கு மேடம். ஆனா நான் சொன்னதக் கேட்டுதான் அவ..."

"அப்போ தப்பு உங்களோடது, மார்க் அவளோடது. ரெண்டயும் ஏன் கலக்கறீங்க?"

விடைக்குறிப்பை மீறி நான் ஒரு மதிப்பெண் போட்டதில்லை. அன்றும் போடவில்லை. பட்டியலில் அவள் பெயரை என் கையால்தான் எழுதினேன்.

தனி வகுப்பின் முதல் நாள், பத்தே நிமிடத்தில் 49, 64, 81 என்று எழுதி நோட்டை நீட்டினாள். ஒன்றும் தவறில்லை. மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது.

"போலாமா டீச்சர்?"

"ஆறு மணிக்கு முன்னாடி விட முடியாதும்மா."

மணி நாலு ஐம்பது. அவள் நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். கொடுக்க என்னிடம் இன்னும் கணக்குகள் இருந்தன. கொடுக்கவில்லை. எதிரே நானும் உட்கார்ந்துகொண்டேன்.