தண்ணீர் ஊற்றிய ரொட்டி

போன மழைக்காலம். அடையாறில், ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு வீடு. அங்கே நான் பெருக்கித் துடைக்கிற வேலை. அன்று இருந்தவர்கள்: கட்டிலில் எத்தியோப்பியாக்காரர் ஒருவர், வயிற்றில் ஆபரேஷனுக்கு வந்தவர். அவர் மனைவி. கீழே வாட்ச்மேன். அப்புறம் நான்.

அவர் சாப்பாட்டைத் தொட்டு நாலு நாள் ஆகியிருந்தது. இட்லி, கஞ்சி, எதைக் கொடுத்தாலும் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். உடம்பில் தெம்பு வந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் அவர்கள் ஊர் ரொட்டி செய்து பார்க்க நினைத்தாள். வாழை இலையில் பொதிந்து சுடுவதாம். அந்த வீட்டில் ஓவன் கிடையாது. இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு தோசைக்கல், ஒரு குக்கர், கொஞ்சம் பாத்திரம். அவ்வளவுதான்.

அவள் போனில் பேசினால் அது தமிழில் சொல்லும். "சகோதரியே, வாழை இலையும் கல் உப்பும் தேவைப்படுகின்றன" என்றது. வாங்கி வந்தேன்.

வாட்ச்மேன் மறித்தார். "இன்னாக்கா, இலையும் உப்பும் தூக்கிக்கினு போற. மேல கல்யாணமா?"

"ரொட்டி சுடுறாங்க."

"பேக்கரில பன்னு வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது."

"அதுவும் வேணாங்கிறாரு."

ஊரிலிருந்து கொண்டுவந்த வாசனைப் பொடி ஒரு பொட்டலத்தில் கொஞ்சம்தான் மிச்சம். அதை முழுதும் மாவில் கொட்டிப் பிசைந்தாள். ஈரத்துணி போட்டு மூடினாள். பிறகு செய்ய ஒன்றுமில்லை. இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். வெளியே தூறல். துணி கண்ணுக்குத் தெரியாமல் எழும்பிக்கொண்டே இருந்தது. உள்ளே அவர் மூச்சு விடும் சத்தம். அந்த மூச்சுதான் மாவை எழுப்புகிறது என்று தோன்றியது. ஒரு வீடு முடித்தால் அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவள் நான். அன்று எழுந்திருக்கவில்லை. மத்தியானமா சாயங்காலமா என்றுகூடத் தெரியவில்லை.

ஓவனுக்குப் பதிலாகக் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பினாள். இலையில் பொதிந்த மாவைப் பாத்திரத்தோடு இறக்கினாள். ரப்பரும் வெயிட்டும் இல்லாமல் மூடி, அடுப்பைச் சிறிதாக வைத்தாள். அவர் கூப்பிட்டார். போனாள்.

நான் குக்கரைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் குக்கர் வைத்தால் வெடிக்கும். இது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு சொம்பு ஊற்றி மூடினேன். நல்லது செய்த நினைப்பில் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

அவள் வந்து திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. ரொட்டி வெள்ளைவெளேரென்று இட்லி மாதிரி இருந்தது. போன் கேட்டது: "இதில் நீர் எவ்வாறு வந்தது?"

"நான்தாம்மா ஊத்துனேன். வெடிச்சிடும்னு பயந்துட்டேன்."

போன் அதை அவளுக்குச் சொன்னது. அவள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, காலிப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

தோசைக்கல்லை எடுத்தேன். இந்த முறை கேட்டேன். "போடட்டுமா?" தலையசைத்தாள்.

இலையோடு கல்லில் வைத்தோம். சின்னத் தீ. நான் திருப்பினேன், அவள் தட்டால் மூடினாள். இலை கருகியது. அப்புறம் ரொட்டி சிவந்தது. மெதுவாக ஒரு வாசனை கிளம்பி வீடு முழுக்க நின்றது. எனக்குத் தெரியாத வாசனை. இருந்தும் எங்கோ போய் வந்ததுபோல இருந்தது.

கட்டிலிலிருந்து அவர் ஏதோ சொன்னார். அவளுடைய கை அப்படியே நின்றது.

"இன்னாவாம்மா?"

அவள் போனில் சொன்னாள். "வெந்துவிட்டதா என்று கேட்கிறார்" என்றது அது.

போய்ப் பார்த்தால் அவரே எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் கடித்தார். முகத்தைச் சுளித்து எதையோ சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். போனை என் பக்கம் நீட்டினாள். "கடல் நீரையே இதில் ஊற்றிவிட்டாயா?" கொதித்த உப்புத் தண்ணீர் இலைக்குள் ஏறியிருந்தது. ஆனாலும் அவர் தட்டைக் கீழே வைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. ஊருக்குப் போகும்போது தானே படியிறங்கினார். எனக்குத் தெரிந்ததுதான் சரி என்று அடுத்தவர் அடுப்பில் நான் இப்போது கை வைப்பதில்லை. அந்த நாள் நினைவு வந்தால், செய்த தப்பும் கூடவே வருகிறது, அவர் சாப்பிட்ட கணக்கும் வருகிறது.

மூன்று துண்டு.