மூன்றரை கோர் கேபிள்

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத் தோட்டம் ஒன்றைப் பிடித்திருந்தோம். ஒரு வாரம் முன்னால் பந்தல்காரர் போன் செய்தார்.

"மேடம், ஜெனரேட்டர்லேர்ந்து மேடை போர்டுக்கு மூன்றரை கோர் கேபிள் போதுமா?"

மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் மின் மேற்பார்வையாளர் நான். ஏதோ யோசனையில், "தாராளமா போதும்" என்றுவிட்டேன்.

மூன்றரை கோர் என்றால் மின்சாரம் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளும் தடிமன். அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி மட்டும் ஏறக்குறைய பாதி. எங்கள் தொழிற்சாலையில் எல்லாம் மோட்டார். மூன்று பேஸிலும் சுமை சமம் என்பதால் நியூட்ரலில் பெரிதாக ஒன்றும் ஓடாது. அந்தப் பழக்கத்தில் வந்த பதில்.

விழாவன்று மூன்று மணிக்குப் பட்டுப்புடவையில் போய் நின்றபோதுதான் தப்பு உறைத்தது. மேடை முழுக்க எல்இடி திரை, எல்இடி விளக்கு. சோதனைக்காக எல்லாவற்றையும் எரியவிட்டிருந்தார்கள். இவை மின்சாரத்தைத் துண்டு துண்டாக இழுப்பவை. எவ்வளவு சமமாகப் பிரித்தாலும் ஒன்றையொன்று ஈடுகட்டாமல் மூன்று பேஸின் மிச்சமும் நியூட்ரலில் வந்து கூடும்.

"எங்க போற? சம்பந்தி வீட்டுக்காரங்க திருப்போரூர் தாண்டிட்டாங்களாம்" என்றார் கணவர்.

"இதோ வரேன்."

காரிலிருந்து மீட்டரை எடுத்து வந்து அளந்தேன். பேஸ் ஒவ்வொன்றிலும் நாற்பத்தைந்து ஆம்பியர். பாதித் தடிமனே உள்ள நியூட்ரலில் அறுபத்தாறு. கேபிளைத் தொட்டால் சுட்டது. அந்தக் கம்பி கருகி அறுந்தால் விளக்குகளுக்குத் தாறுமாறாக வோல்டேஜ் ஏறும். அப்புறம் தீதான்.

"அண்ணே, ஆஃப் பண்ணுங்க."

"இன்னாம்மா, நீங்கதான போதும்னீங்க?" என்றார் பந்தல்காரர்.

"தப்பாச் சொல்லிட்டேன். நியூட்ரலும் முழு சைஸ் வேணும்."

அவர் போய் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு வந்தார். "நாலு கோர் கொடோன்ல கீது. கடப்பாக்கத்துலேர்ந்து வரணும். ஒன்ற மணி நேரமாவது ஆவும்."

என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தேன். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். "லைட் இன்னும் போடலியா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"கேபிள் மாத்தணும். தப்பு என்னோடதுதான்."

கணவர் முகம் சுருங்கியது. அந்த அம்மாவோ, "வெயில் இருக்கும்போதே போட்டோ எடுத்துடலாம், வாங்க" என்று எல்லாரையும் கடற்கரைப் பக்கம் கூட்டிப் போய்விட்டார்.

ஐந்து மணிக்குக் கேபிள் வந்தது. மாற்றி, விளக்கைப் போட்டு அளந்தேன். நியூட்ரலில் அதே அறுபத்தாறு. கம்பிதான் தடித்திருக்கிறது, ஓட்டம் குறையாது என்று தெரியும். ஆனாலும் எண்ணைப் பார்த்ததும் இன்னொரு முறை அளந்தேன்.

மோதிரம் மாற்றும்போது மேடையில் நின்று கைதட்டினேன். காது மட்டும் போர்டுப் பக்கமே இருந்தது. இரண்டு முறை இறங்கிப் போய்க் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் முறை போனபோது பந்தல்காரரே அதன் மேல் கை வைத்தபடி குந்தியிருந்தார்.

"சூடு இல்லம்மா. போய் சாப்புடுங்க. நான் இங்கியே கீறேன்."

போனேன். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேபிளிடமே வந்தேன்.