ஆர்லீனின் பதினான்கு பவுண்டு

கொரினா ஒரு மிட்டாயை முழுசாகத் தின்பாள், ஒரு மணி நேரம் சிரிப்பாள், பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள். அதே மிட்டாயில் பாதியைத் தின்ற ஆர்லீன் மறுநாள் மத்தியானம் வரைக்கும் சோபாவில் கிடப்பாள். ஒரே கடை, ஒரே டப்பா, ஒரே கஞ்சா. கடவுள் உடம்பைப் பங்கு போட்டபோது யாருக்கு ஓரவஞ்சனை செய்தார் என்பதில் ஆர்லீன் மொண்டானோவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

கொரினா யார் என்றால், ஆர்லீனின் தம்பி எலிசியோவின் பெண்டாட்டி. ஆர்லீனுக்கும் அவளுக்கும் வயது ஐம்பத்தொன்று, பிறந்த மாதம்கூட ஒன்றுதான். ப்யூப்லோ ஊரின் தெற்குப் பக்கத்தில் பள்ளிக்கூட மஞ்சள் பஸ் ஓட்டுகிறவர்கள் இருவரும். ஆர்லீன் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறாள். கொரினா ஆறு வருஷமாக. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ஆர்லீன்தான். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, பின்பக்கம் பார்த்துப் பஸ்ஸை எப்படி நிறுத்துவது என்று மைதானத்தில் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்து, சொந்தச் செலவில் தனக்குத் தானே ஒரு சக்களத்தியைத் தயார் செய்த மாதிரி ஆயிற்று.

ஆர்லீனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பத்தொன்பது வருஷம் பிரேக் மிதித்த கால்கள். மே கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் ஜூன் மாதம் பூராவும் ராத்திரிக்கு ஒரு மிட்டாய் தின்பாள். வலி எங்கேயும் போகாது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரியின் வலி மாதிரி தூரத்தில் கேட்கும். தூக்கம் வரும். இந்த மாநிலத்தில் கஞ்சா விற்பதும் தின்பதும் சட்டப்படி சரிதான். எழுபது வயசுக்காரர்கள்கூடத் ஊன்றுகோலோடு கடைக்கு வருகிறார்கள். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. அவர்களுக்கு அதைத் தடை செய்கிற மத்திய அரசின் சட்டம். கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்டில் திரும்பும்போது ஒவ்வொருவரும் சிறு கிண்ணத்தில் மூத்திரம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும்.

அதனால் டிப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம். ஜூலை ஒன்றாம் தேதியோடு நிறுத்திவிடு. ஆகஸ்டில் அசையாதே. அதாவது சோதனைக்கு முந்தின இரண்டு வாரம் ஓடக்கூடாது, பட்டினி கிடக்கக்கூடாது, பன்றிக்கறியும் பச்சை மிளகாய்க் குழம்புமாகத் தின்றுவிட்டுக் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும். ஏன் என்று கடைக்காரி ஜோஸ்லின் ஒருமுறை ஆர்லீனுக்கு விளக்கியிருக்கிறாள்.

"இது தண்ணியில கரையாதுக்கா, கொழுப்புலதான் கரையும். ரத்தத்துல சுத்திட்டு நேராப் போய் உடம்புக் கொழுப்புல உக்காந்துக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். சதை இருக்கற உடம்புன்னா ரொம்ப நாள் குடியிருக்கும்."

"கொரினா மாதிரி ஈர்க்குச்சின்னா?"

"அவங்க உடம்புல எங்கக்கா இடம்? சீக்கிரம் காலி பண்ணிட்டுப் போயிரும்."

"அப்போ எனக்கு மட்டும் ஏன் பாதி மிட்டாய்க்கே தலை சுத்துது?"

"தின்னா ஈரல் வழியாத்தானே போகணும்? ஈரல் அதை இன்னும் உக்கிரமான ஒண்ணா மாத்தி அனுப்பும். ஒவ்வொருத்தர் ஈரல் ஒவ்வொரு மாதிரி. இன்னொண்ணு தெரியுமா? நம்ம உடம்பே இது மாதிரி ஒண்ணைத் தானாக் கொஞ்சம் தயார் பண்ணிக்குது. அதுக்குன்னு மூளையில இருக்கற இடத்துலதான் கஞ்சாவும் போய் ஒட்டுது."

ஆர்லீன் வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தக் கடைசிச் செய்தியையே மென்றுகொண்டு வந்தாள். கொரினாவின் உடம்பு மற்றவர்களைவிட அதிகமாகத் தயார் பண்ணிக்கொள்கிறது போலிருக்கிறது. அதனால்தான் காலை ஐந்தரை மணிக்கு, பனி கொட்டும்போதும், அந்தப் பல்லெல்லாம் தெரியும் முகம். உழைக்காமல் வருகிற சந்தோஷம். அதை நினைத்தால் ஆர்லீனுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. வயிற்றெரிச்சலுக்கு ஜோஸ்லின் கடையில் எண்ணெயும் இல்லை, மிட்டாயும் இல்லை.

அந்த வருஷம் விஷயம் பெரிது. தலைமை ஓட்டுநர் வெர்ன் பெர்கோ ஓய்வு பெறுகிறார். டிப்போவின் சாவிக்கொத்து, யாருக்கு எந்த வழித்தடம் என்று எழுதுகிற பலகை, ஜன்னல் வைத்த அறை, எல்லாம் அடுத்தவருக்குப் போகும். விண்ணப்பம் போட்டவர்கள் இரண்டே பேர். ஆர்லீன் ஒன்று, மற்றது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

"சீனியாரிட்டி உன்னோடது ஆர்லீன், கமிட்டியில பேசிட்டேன். ஆகஸ்ட் பன்னெண்டு டெஸ்ட் முடியட்டும், பதினஞ்சாம் தேதி சாவியை உன் கையில குடுக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார் வெர்ன்.

ஆர்லீன் மூச்சு விடவில்லை. ஜூலை முதல் தேதி மிட்டாய் டப்பாவைக் குப்பையில் போட்டாள். முழங்கால் ராத்திரி முழுக்கப் பேசியது, பொறுத்துக்கொண்டாள். கொரினாவோ ஜூலை இருபது வரைக்கும் தின்றுகொண்டிருந்தாள். "அண்ணி, நான் தண்ணி நெறையாக் குடிக்கறேன்ல, போயிரும்" என்று வேறு சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு எதிலும் பயம் கிடையாது, ஏனென்றால் இதுவரை எதுவும் அவளைக் கடித்ததில்லை.

ஜூலை இருபத்தேழு காலையில் ஆர்லீன் மருந்துக்கடையில் வாங்கிய சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தாள். ஒரு கோடு வந்தால் மாட்டினாய், இரண்டு கோடு வந்தால் தப்பித்தாய். முதல் கோடு வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். இரண்டாவது கோடும் வந்தது, மங்கலாக. மங்கலானாலும் கோடு கோடுதான் என்று டப்பாவிலேயே அச்சடித்திருந்தது. அன்றைக்கு அவள் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று சாயங்காலம் எலிசியோ-கொரினா தம்பதியின் கல்யாண வெள்ளிவிழா. சர்ச் மண்டபத்தில் நூறு பேர். கொரினா கல்யாணத்தில் போட்ட அதே வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின கவுன், ஒரு தையல் பிரிக்கவில்லை. எலிசியோ அவளைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். சின்ன வயசில் ஆர்லீனின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அலைந்த தம்பி, அன்று அக்காவுக்கு நாற்காலி எடுத்துப் போடக்கூட மறந்துவிட்டான். ஆர்லீன் சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது கொரினாவுக்குத் தெரிந்த விருந்தாளி ஒருத்தி, டென்வரிலிருந்து வந்தவள், அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"எவ்வளவு அழகான பொண்ணைப் பெத்திருக்கீங்க! நீங்க கொரினாவோட அம்மாதானே?"

ஆர்லீன் சிரித்தாள். வேறென்ன செய்ய முடியும்? தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்த் தன் காரில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே வந்து கேக் வேண்டாம் என்று சொன்னாள். கேக் வேண்டாம் என்று ஆர்லீன் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் தொடங்கியது விரதம். காலையில் ஒரு அவித்த முட்டை, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி சுடுதண்ணீர். ஆறு மணிக்கு ஆற்றங்கரை ஓரமாக நடை, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஐந்து மைல். அவள் மனசில் ஒரே படம்தான் ஓடியது. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, இடுப்பில் சாவிக்கொத்து, ஏறாமல் கிடந்த பழைய நீல ஜீன்ஸ், கொரினா வாயைப் பிளந்து பார்க்கிறாள். இத்தனை வருஷம் தான் எரிந்த எரிச்சலில் ஒரு கரண்டியாவது அவள் வயிற்றிலும் விழ வேண்டும். வேறு எதையும் ஆர்லீன் கேட்கவில்லை.

டிப்போ வழக்கம் ஞாபகம் வராமல் இல்லை. 'ஆகஸ்டில் அசையாதே.' ஆனால் பட்டையில் இரண்டு கோடு வந்தாயிற்றே. ஆட்டம் முடிந்தது என்று நினைத்துவிட்டாள். இன்னொரு பட்டை பாக்கி இருந்தது, அதை நனைத்துப் பார்க்கவும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

ஆகஸ்ட் பன்னிரண்டு காலையில் எடை பார்த்தாள். பதினைந்து நாளில் பதினான்கு பவுண்டு குறைந்திருந்தது. நீல ஜீன்ஸ் இடுப்பில் ஏறியது. முந்தின நாள் முழுப் பட்டினி வேறு. கிண்ணத்தை நர்சிடம் கொடுக்கும்போது பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

இரண்டு நாள் கழித்து, சோதனை முடிவுகளைப் பார்க்கிற டாக்டர் போனில் கூப்பிட்டார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"மிஸ் மொண்டானோ, உங்க சாம்பிள்ல கஞ்சா பாசிட்டிவ். டாக்டர் சீட்டுல ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?"

"இருக்க முடியாதுங்க. நான் ஜூலை ஒண்ணாம் தேதியே விட்டுட்டேன். வீட்ல டெஸ்ட் பண்ணினேன், ரெண்டு கோடு வந்துச்சு!"

"அதுக்கப்புறம் எதுவும் எடுத்துக்கலையா?"

"சத்தியமா இல்லை. சோறே தின்னலை நான், ரெண்டு வாரமா."

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம்.

"எடை குறைஞ்சுதா?"

"பதினாலு பவுண்டு." சொல்லும்போது, அந்த நேரத்திலும், குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

"நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா கொழுப்பு வேகமாக் கரைஞ்சா அதுல தங்கியிருந்தது மறுபடி ரத்தத்துக்கு வரலாம், அப்புறம் சிறுநீருக்கு. தினமும் எடுத்துக்கிட்டவங்களுக்கு அது நடக்கலாம். எப்ப தின்னீங்கங்கறது எனக்குக் கணக்கில்லைம்மா. கிண்ணத்துல என்ன இருக்குங்கறதுதான் கணக்கு."

ஆர்லீனுக்கு அப்போது வாயில் வந்தது ஒரே பேர்.

"கொரினா மொண்டானோ ஜூலை இருபது வரைக்கும் தின்னா! நான் கண்ணால பாத்தேன். அவளுக்கு என்ன வந்துச்சுன்னு பாருங்க!"

"மேடம்," என்றார் டாக்டர் பொறுமையாக, "நாம இப்ப உங்க சிறுநீரைப் பத்தி மட்டும்தான் பேசறோம்."

போனை வைத்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. மூக்கு போனாலும் பரவாயில்லை, எதிராளிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்கிற ரகம் நான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அறுந்தது அவள் மூக்கு மட்டும்தான். கொரினாவின் கிண்ணம் ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருந்ததாம். வெட்கத்தில் அன்றைக்கு வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சோளமும் பன்றிக்கறியும் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பதினைந்தாம் தேதி வெர்ன் சாவிக்கொத்தைக் கொரினாவிடம் கொடுத்தார். ஆர்லீனிடம் வந்து, "என்ன ஆர்லீன் இப்படிப் பண்ணிட்டே? பத்தொம்பது வருஷம் ஒழுங்கா ஆகஸ்ட்ல படுத்துக் கிடந்தவ!" என்றார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. ஆலோசகரைப் பார்த்து, வகுப்பெல்லாம் முடித்து, மறுபடி கிண்ணம் பிடித்துத் தேறும் வரைக்கும் ஆர்லீன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அதுவரை வேண்டுமானால் உதவியாளாக வரலாம். அதாவது பஸ்ஸுக்குள் நின்று, சின்னப் பிள்ளைகளுக்குப் பெல்ட் மாட்டிவிடுகிற வேலை.

அந்த வருஷத்துப் பலகையைப் பழைய மாதிரியே வெர்ன் எழுதிவிட்டுப் போயிருந்தார், ஆர்லீன் பெயரை மட்டும் உதவியாள் வரிசைக்கு மாற்றி. அவள் ஏற வேண்டியது கொரினாவின் பஸ்ஸில்.

முதல் நாள் காலை, ஏழு மணி, நல்ல வெயில். உதவியாளுக்கான ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆர்லீன் படியேறினாள். கொரினா ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள், சாவிக்கொத்து இடுப்பில் தொங்கியது. ஆர்லீன் அதைப் பார்க்காமல் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். டாக்டரிடம் தான் சொன்னது இவள் காதுக்கு வந்திருக்குமோ? வந்திருந்தால் இப்போது கேட்பாள். வராவிட்டால் நாமே சொல்லிவிடுவதா?

கொரினா எஞ்சினைப் போடவில்லை. தலைக்கு மேலிருந்த பெரிய கண்ணாடியில் நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் பல் தெரியவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நேத்து எலிசியோ சொல்றாரு, 'அக்காவைப் பாத்தியா, இருபது வயசுல இருந்த மாதிரி ஆயிட்டா, கன்னத்து எலும்பு அம்மாவோடது, அப்படியே இருக்கு'ன்னு. நான் கவுன் போட்டுக்கிட்டு நின்னப்பக்கூட அந்த மனுஷன் இப்படி ஒரு வார்த்தை சொல்லலை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ராத்திரி பூராத் தூக்கமே இல்லை. பொறாமைதான், வேறென்ன. சொல்லிட்டேன்."

ஆர்லீன் அவளையே பார்த்தாள். வேலை போன துக்கம், காட்டிக்கொடுத்த வெட்கம், முழங்கால் வலி எல்லாம் அப்படியே அங்கேதான் இருந்தன. மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்றும் தெரிந்தது. அவள் ஆரஞ்சுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள், கண்ணாடிக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வேற என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.