அந்த வரியின் பின்பாதி

பூச்சி ஒழிப்பு வேலை செய்பவர்களுக்காகப் பல வருடங்கள் மாதம் ஒரு தாள் எழுதினேன். ஒரு பக்கம் செய்தி, மறுபக்கம் அறிவுரை. எந்த மருந்துக்குத் தடை வந்திருக்கிறது, செமினியில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் கரையான் எந்த வழியாக ஏறுகிறது, மழைக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளின் பின்சந்தில் எலிகள் ஏன் கூடுகின்றன என்பதெல்லாம் செய்தி. மருந்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதே, கை கழுவாமல் வீட்டில் குழந்தையைத் தூக்காதே, வாடிக்கையாளரிடம் 'இனிமேல் வரவே வராது' என்று சத்தியம் செய்யாதே, கரப்பான் உனக்காகச் சாட்சி சொல்ல வராது என்பதெல்லாம் அறிவுரை.

நான் வேதியியல் படித்தவன். கிள்ளானில் ஒரு பூச்சி ஒழிப்பு நிறுவனத்தில் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகும் அவர்களுக்கு ஆலோசகன். தாள் வாட்ஸாப்புக்கு மாறியது, எழுதுவதை நிறுத்தவில்லை. ஊழியர்களில் பலர் என்னை நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் வரிகளைச் சொல்வார்கள். மருந்துப் பம்புகளை வைக்கும் அறைச் சுவரில் அவற்றை ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குள் ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். இந்தக் கதைக்கு அந்த மகிழ்ச்சிதான் வேர்.

துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளில் அரிசி, பருப்பு மூட்டைகளை மலைபோல் அடுக்கியிருப்பார்கள். வண்டு விழுந்துவிட்டால் அடுக்கு முழுவதையும் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் பைகளை வைத்து அடைத்து, உள்ளே மாத்திரைகளை வைப்போம். மாத்திரையிலிருந்து விஷவாயு கிளம்பும். ஊழியர்கள் அதைக் 'கேஸ் போடுறது' என்பார்கள். சில நாள் கழித்துத் தார்ப்பாயைத் திறந்து காற்றாட விட்டு, வாயு முழுவதும் போய்விட்டதா என்று மீட்டரால் அளந்த பிறகுதான் மூட்டைகளுக்கு நடுவே ஆள் போகவேண்டும். அந்த வாயுவுக்குப் பூண்டு வாசனை உண்டு. மீட்டர் எல்லோருக்கும் கிடைக்காத காலத்திலிருந்தே பழைய ஆட்கள் மூக்கை நம்பி வேலை செய்தார்கள். தார்ப்பாயின் ஓரத்தில் குனிந்து ஒரு முறை முகர்ந்துவிட்டுத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல்தான் அனுமதி.

இதைப் பற்றி ஒரு மாதம் எழுத உட்கார்ந்தேன். "பூண்டு மணந்தால் ஓடிப்போ" என்று முதலில் எழுதினேன். அது உண்மை. ஆனால் வரி ஒற்றைக்காலில் நின்றது. இன்னொரு கால் வேண்டும் என்று மனம் கேட்டது. "மணம் நின்றால் உள்ளே போ" என்று சேர்த்தேன். ஓசை பொருந்தியது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

பின்பாதி பொய். எனக்குத் தெரியாமல் எழுதிய பொய் அல்ல. அந்த வாசனை முழுக்க வாயுவுடையது அல்ல. அதோடு கலந்து வரும் அசுத்தங்களுடையது. தானியமும் சாக்கும் வாசனையை முதலில் உறிஞ்சிவிடலாம். வாயு அங்கேயே நிற்கும். உரிமத் தேர்வுக்குப் படிக்க வந்தவர்களுக்கு இதை நானே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். வகுப்பில் சொன்னதை வரியின் ஓசைக்காக மறந்தேன் என்று சொல்வதுகூடச் சலுகைதான். மறக்கவில்லை. ஒரு வரிதானே என்று நினைத்தேன்.

அந்த வரி பரவியது. கிள்ளான் குழுக்களில் அதை மெட்டுப் போட்டுப் பாடினார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்த ஒருவர் அப்போது ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்தார். அறந்தாங்கிப் பக்கம். முப்பதுகளின் நடுவில் இருந்தவர், அதிகம் பேசாதவர். ஒரு காலையில் துறைமுகக் கிடங்கில் தார்ப்பாய் திறக்கவேண்டியிருந்தது. நிறுவனத்தில் இருந்தது ஒரே மீட்டர். அன்று அது தெலுக் பங்லிமா காராங்கில் வேறொரு குழுவிடம் இருந்தது. சரக்கேற்ற லோரி வந்து நின்றது. அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். அவர் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தார். மணம் இல்லை. தன் ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே போய்த் தார்ப்பாயை இழுத்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சை யாரோ மிதிப்பது போல் இருந்தது என்று பிறகு சொன்னார்.

உயிர் பிழைத்தார். மருத்துவமனையிலிருந்து வந்ததும் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். மேலாளர், நான், அவர் ஆகிய மூவர் மட்டும். மருத்துவமனையில் கட்டிய பட்டை அவர் மணிக்கட்டில் இன்னும் இருந்தது. அவருடைய தவறு என்று முடிவானால் அனுமதி ரத்தாகி ஊருக்குப் போகவேண்டும் என்பது மூவருக்கும் தெரியும்.

"தம்பி, சுத்தி வளைக்க வேணாம்லா. மீட்டர் வச்சிப் பாத்தியா, இல்லியா?" என்றார் மேலாளர்.

"மீட்டர் வேற டீம்கிட்ட இருந்துச்சு சார்."

"அப்ப வெயிட் பண்ணணும். லோரி நின்னா நிக்கட்டும். உன்னை யாரு உள்ள போகச் சொன்னா?"

"மோந்து பாத்தேன் சார். மணமே இல்ல."

"மணமா? இது என்ன ரசமா, மோந்து பாத்து எறக்கி வைக்க?" மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அங்கிள், நீங்களே சொல்லுங்க. ரூல் என்னா?"

குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை அல்ல. பேருந்து வருகிறதா என்று பார்ப்பவரின் பார்வை.

"மீட்டர் இல்லாம உள்ள போகக்கூடாது. அதான் ரூல்," என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நிறுவனத்தில் ஒரே மீட்டர்தான் உண்டு என்பதை நான் சொல்லவில்லை. மணம் நின்றால் உள்ளே போகச் சொன்னது யார் என்பதையும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு வரிதான், அவர் பாடியிருந்தால் போதும். என்மேல் உள்ள மரியாதையால் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது. சில வாரங்களில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மாதத் தாளில் கொசு மருந்து பற்றி எழுதினேன்.

அதன்பிறகும் அந்த வரியை நான் திரும்பப் பெறவில்லை. பெற்றால் ஏன் என்று கேட்பார்கள்.

சென்ற வருடம் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "சார், நல்லாருக்கீங்களா? என் சம்சாரத்தோட தம்பி கிள்ளானுக்கு வந்துருக்கான். அதே கம்பெனி, அதே வேலை. வேணாம்டான்னேன், கேக்கல. நேத்து போன்ல எனக்கே உங்க பாட்டப் பாடிக் காட்டுறான் சார். அந்தப் பின்பாதிய மட்டும் எடுத்துருங்க."

போன் செய்தேன். முதலில் வேறு ஏதேதோ பேசினேன். மாடிப்படி ஏற முடியவில்லை என்றார், வயலுக்குப் போவதை விட்டுவிட்டேன் என்றார். பிறகு கேட்டேன்: "அன்னிக்கு ஆபீஸ்ல ஏன் என் வரியச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நான் எழுதலன்னு சொல்லியிருப்பீங்க சார். அத என் காதால கேக்க வேணாம்னுதான்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றே வாட்ஸாப்பில் திருத்தம் எழுதினேன். அதையும் நேர்மையாக எழுதவில்லை. 'வாசனையை மட்டும் நம்பவேண்டாம் என இப்போது வலியுறுத்தப்படுகிறது' என்று, யார் எழுதியது, யார் வலியுறுத்துவது என்றே தெரியாத ஒரு வாக்கியம். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ஒருவர் காலை வணக்கப் படம் போட்டார். ஒருவரும் படிக்கவில்லை என்று புரிந்தது.

மறுநாள் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். காலையில் குழுக்கள் வேனில் சாமான் ஏற்றும் நேரம். நான் இன்னார் என்று தெரிந்ததும் நாற்காலி போட்டார்கள், தேநீர் வந்தது. பின்பாதியை மறந்துவிடுங்கள், அது தவறு என்றேன்.

"அதெப்படிலா அங்கிள், பாட்டுல பாதிய வெட்டிட்டா எப்படிப் பாடறது?" என்றார் வேனோட்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கப்பா காலத்துல இருந்து மோந்துதான் பாக்குறோம்," என்றார் வேலையாட்களை மேற்பார்க்கும் மூத்த மண்டோர். "எனக்கு ஒன்னும் ஆகலியே. என் மூக்கு உங்க மீட்டரவிட பழசு."

வேதியியலைச் சொன்னேன். தலையாட்டினார்கள். தார்ப்பாய் ஓரத்தில் குனிந்து எழுந்து ஆட்டும் அதே தலையாட்டல். அப்போதுதான் மற்றதையும் சொன்னேன். முன்பு இங்கே இன்னொருவர் குழுத் தலைவராக இருந்தார், அவர் இந்த வரியைக் கேட்டுத்தான் உள்ளே போனார், விசாரணையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என்னால்தான் அவரை அனுப்பினார்கள் என்றேன். வேனின் கதவருகே கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். விசாரணை அறையில் பார்த்த அதே பார்வை. மச்சினன் யார் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை.

சிரிப்பு நின்றது. மேலாளர் உள்ளேயிருந்து வந்தார். அதே மேலாளர்தான், தலை நரைத்திருந்தது. "அங்கிள், பழைய கதையெல்லாம் எதுக்கு? வாங்க, உள்ள உக்காருவோம்."

"பாஸ், இன்னிக்கு நாங்க கேஸ் தொறக்கணும். மீட்டர் எங்க?" என்றார் அந்த இளைஞர்.

"சாலாக் செலாத்தான் பக்கம் போயிருக்கு. மத்தியானம் வரும். நீங்க ஆரம்பிங்க."

"வந்ததும் ஆரம்பிக்கிறேன் பாஸ்."

"லோரி வெயிட்டிங்."

இளைஞர் கயிற்றைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மூத்த மண்டோர் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு, "எனக்கும் முட்டி வலிக்குது," என்று முணுமுணுத்தபடி அவர் பக்கத்தில் போய் அமர்ந்தார். மேலாளர் என்னைப் பார்த்து, "சந்தோஷமா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் மீட்டர் வந்தது. அவர்களோடு கிடங்குக்கு நானும் போனேன். தார்ப்பாயின் ஓரங்களைத் தூக்கிக் கட்டிக் காற்றாட விட்டு, எல்லோரும் வெளியே காத்திருந்துவிட்டுக் கிடங்குக்குள் திரும்பினோம். பழக்கத்தில் மண்டோர் ஓரமாகப் போய் முகர்ந்தார். "ஒன்னும் இல்ல," என்றார். நானும் அங்கேதான் நின்றேன். எனக்கும் ஒரு மணமும் தெரியவில்லை. இளைஞர் மீட்டரின் குழாயை மூட்டைகளுக்கிடையே நீட்டினார். திரையில் எண் ஏறி, அனுமதிக்கும் அளவைத் தாண்டிப் போய் நின்றது. கருவி கத்தத் தொடங்கியது. மண்டோர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வெளியே நடந்தார்.

வெளியே வந்ததும் மச்சினன் திரையைப் படமெடுத்து ஊரிலிருக்கும் தன் அக்கா கணவருக்கு அனுப்பினார். பதில் மச்சினனுக்கு வந்தது. எனக்கு வரவில்லை. என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த விசாரணையின் முடிவு தவறு, அவர்மேல் குற்றமில்லை என்று நிறுவனத்துக்கு என் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆலோசகர் வேலை போய்விட்டது. என்னை நீக்கும் பதில் மட்டும் உடனே வந்தது. விசாரணை முடிவைப் பற்றி இன்னும் பதில் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த வரியை இப்போதும் பாடிக்கொண்டிருந்தால், முன்பாதியோடு நிறுத்துங்கள். வரி ஒற்றைக்காலில் நிற்கும். நிற்கட்டும்.