ஒரே நாலு எழுத்து

கினிகத்தேனையில் உருளைக்கிழங்குக் கடை வாசலில், மழையில் ஊறிக் கிடந்த சாக்கிலிருந்து புளித்த வாடை அடித்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை எடைபோட்ட மடுவம் என்ற பழைய தகரக் கொட்டகைதான் பின்னால் எங்களுக்குப் பள்ளிக்கூடமானது. இன்று அங்கே அதன் தகரம்கூட இல்லை, ஆனால் அதன் நாற்றம் அப்படியே என் மூக்குக்குள் வந்து நின்றது.

அழுகிய கொழுந்தும் சின்னப் பிள்ளைகளின் மூத்திரமும் ஊறிய சாக்குகளை விரித்து உட்கார்ந்து, தகரத்தில் கொட்டும் மழைக்கு மேலே கத்திக்கொண்டு, தொடையைச் சொறிந்துகொண்டே படிப்போம். டவுனிலிருந்து வந்த இங்கிலீஷ் டீச்சர் கரும்பலகையை வாசலோரம் வைக்கச் சொல்லி, ஒரு கையில் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி, படி தாண்டாமலே பாடம் நடத்துவார்.

ஒருநாள் எல், ஈ, ஏ, எஃப் என்று எழுதி, "லீஃப், இலை" என்றார். எஃப்பை அழித்து முன்னால் போட்டார். "இப்ப ஃப்ளீ. தெள்ளுப்பூச்சி. அதே நாலு எழுத்துதான்."

கழுத்தெல்லாம் தடித்துப்போயிருந்த செல்வி என் பக்கத்திலிருந்து எழுந்தாள். "ரெண்டும் எங்க சாக்குலயே இருக்குங்க டீச்சர்."

டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனார். அந்த ஓரடியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"உள்ள வாங்க டீச்சர், ஏன் வெளியிலயே நிக்கிறீங்க?" என்றார் உருளைக்கிழங்குக் கடைக்காரர் என்னைப் பார்த்து.

இப்போது நானும் இங்கிலீஷ் டீச்சர்தான். ஒரு கையில் சேலைக் கரை இருந்தது. மறு கையில் கைக்குட்டை, மூக்கின் மேல்.